நெருக்கம் வேறு, நெரிசல் வேறு



நகரத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்பவர் நம்மிடையே குறைவு. காற்றும் வெளிச்சமும் கிராமத்துக்கு உரியன என்றும், புகையும் புழுதியும் நகரத்துக்கு உரியன என்றும் சிறு வயது முதலே கட்டுரை எழுதிப் பழகிவிட்டோம். கிராம வாழ்வு சிறந்ததா, நகர வாழ்வு சிறந்ததா என்று எங்கள் பாடசாலைகளில் விவாதம் நடக்கும். பெரும்பாலும் கிராமமே வெற்றி பெறும். வெற்றி பெற்ற மாணவனோ பரீட்சை முடிந்ததும் தொழில் தேடி நகரத்துக்கே புறப்படுவான். அது அவனுடைய குற்றமன்று. 1950ஆம் ஆண்டில் உலக மக்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2007ஆம் ஆண்டளவில் அத்தொகை பாதியைத் தாண்டியது. மனிதகுலத்தின் பெரும்பகுதி இனி நகரத்திலேதான் பிறந்து, படித்து, உழைத்து, மூப்படையப் போகின்றது. ஆகவே பழைய விவாதத்தை மாணவர்களிடம் விட்டுவிட்டு, நகரத்தை எவ்வாறு அமைத்தால் அது நிலத்தையும் நீரையும் காற்றையும் அழிக்காமல் நீடித்து வாழும் என்பதை நாம் ஆராய வேண்டும்.

இக்கேள்விக்குப் பொதுமக்கள் உடனே கூறும் விடை ஒன்றுண்டு. நகரத்தின் நோய் மக்கள் மிகுதி. ஆகவே மக்களைப் பரப்பிவிடுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டுக் காணியும், அதிலே ஒரு வீடும், முன்னால் நாலு பூச்செடிகளும் இருந்தால் நகரம் சோலையாகிவிடும் என்பர். கேட்பதற்கு இனிய யோசனைதான். ஆயினும் அதன்படி நடந்த நகரங்கள் சோலையாகவில்லை. சுற்றியிருந்த சோலைகளையும் வயல்களையும் விழுங்கிக்கொண்டு அவை பரந்தன. நகரம் நீடித்து வாழவேண்டுமாயின் மனிதர் ஓரளவு நெருங்கி வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

நெருக்கம் என்றவுடன் நேயர்கள் அஞ்ச வேண்டாம். நெருக்கம் வேறு, நெரிசல் வேறு. ஓர் ஏக்கர் நிலத்தில் நான்கு மாடிக் கட்டடங்கள் எழுப்பி, அவற்றிலே 40 குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று அறையும் தனிக் குழாயும் தனி மலசலகூடமும் உடையனவாய் வாழ்ந்தால் அது நெருக்கம். ஓர் அறையிலே எட்டுப்பேர் படுத்துறங்கி, முப்பது குடும்பங்கள் ஒரு குழாயடியிலே வரிசையில் நின்றால் அது நெரிசல். முன்னது நிலத்தை அளந்து கூறும் கணக்கு. பின்னது அறையையும் குழாயையும் அளந்து கூறும் கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி மயங்கியதனாலேயே நகரங்களைப் பற்றிய பல தவறான முடிவுகள் பிறந்தன.

இம்மயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலண்டன் மாநகரம் வாந்திபேதியால் பலமுறை தாக்கப்பட்டது. மக்கள் நெருங்கி வாழ்வதால் எழும் கெட்ட காற்றே நோயின் காரணம் என அக்கால அறிஞர் பலர் நம்பினர். 1854ஆம் ஆண்டில் ஜோன் சினோ என்ற வைத்தியர், ஒரு தெருவில் இருந்த நீர்ப்பம்பியைச் சுற்றியே மரணங்கள் மிகுந்திருப்பதைக் கண்டு, நோய் பரவுவது நீரினாலே என்று எடுத்துக்காட்டினார். பின்னர் யோசெப் பசல்கெற் என்ற பொறியியலாளரின் திட்டப்படி நகரெங்கும் பெருங் கழிவுநீர் வாய்க்கால்கள் கட்டப்பட்டன. 1866இல் மீண்டும் வாந்திபேதி வந்தபோது, அது பெரும்பாலும் புதிய வாய்க்கால் இன்னும் சென்றடையாத கிழக்கு இலண்டனையே வாட்டியது. அதன்பின் இலண்டனில் மக்கள் தொகை பெருகிக்கொண்டே சென்றது, வாந்திபேதியோ மறைந்தது. மக்கள் நெருங்கியிருந்தது குற்றமன்று, வாய்க்கால் இல்லாமல் நெருங்கியிருந்ததே குற்றம் என்பதை இதனிலும் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது.

ஆயினும் நெருக்கத்தின் மேல் விழுந்த பழி எளிதில் நீங்கவில்லை. 1898ஆம் ஆண்டில் எபினேசர் ஹவார்ட் என்பவர் தோட்ட நகரம் என்ற கருத்தை வெளியிட்டார். அது உலகெங்கும் பரவியது. அவர் உண்மையிற் சொன்னது யாது? 6,000 ஏக்கர் நிலத்தில் 1,000 ஏக்கரில் மட்டும் நகரை அமைத்து, மிகுதி 5,000 ஏக்கரையும் வயலாகவும் தோட்டமாகவும் காடாகவும் காக்கவேண்டும். ஏறத்தாழ 32,000 மக்களுள் மிகப் பெரும்பாலோர் அந்த 1,000 ஏக்கரிலேயே வாழவேண்டும் என்பதாகும். தோட்டம் நகரைச் சூழவேண்டும் என்றார் அவர். நகரைத் தோட்டமெங்கும் சிதறவேண்டும் என்று அவர் கூறவில்லை. அவர் பெயரைச் சொல்லி வீடுகளைச் சிதறியவர்களே மிகுதி.

இக்கருத்து இலங்கைக்கும் வந்தது. 1914ஆம் ஆண்டில் பிளேக் என்னும் கொள்ளைநோய் கொழும்பிலே தோன்றி மக்களையும் ஆட்சியாளரையும் நடுங்கச் செய்தது. 1921ஆம் ஆண்டில் பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொத்லாந்து அறிஞர் கொழும்புக்கு ஒரு திட்டம் வகுத்தார். கொழும்பை கீழைத்தேயத்தின் தோட்ட நகரமாகக் காண்பதே அவர் விருப்பம். இவ்வறிஞர் அதற்கு முன்னர்த் தமிழகத்திலே மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதியவர். நெருங்கிய தெருக்களை ஒருங்கே இடித்துத் தள்ளாமல், பாழடைந்த ஒரு சில வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் ஒரு மரமும் ஒரு சிறு முற்றமும் அமைத்து, ஏனையவற்றைப் பழுதுபார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. உறுப்பை வெட்டி எறியாமல் உடலைக் காக்கும் சத்திரசிகிச்சை அது. 1948ஆம் ஆண்டில் பற்றிக் அபர்குறொம்பி என்ற மற்றோர் அறிஞர், இரத்மலானை, ஹோமாகம, ராகம ஆகிய மூன்று துணை நகரங்களை அமைத்து, தலைநகரின் சுமையைக் குறைக்குமாறு ஆலோசனை கூறினார். ஆலோசனைகள் நூலகங்களிலே தங்கின. நகரமோ தன் போக்கிலே சென்றது.

அப்போக்கைச் சிறிது நோக்குவோம். கொழும்பு மாநகரசபை எல்லையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுரக் கிலோமீற்றர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வாழ்ந்தோர் 5 இலட்சத்து 61 ஆயிரத்துக்குச் சற்று மேல். சதுரக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 15,000 பேர். சிங்கப்பூரின் நிலப்பரப்பு ஏறத்தாழ 730 சதுரக் கிலோமீற்றர். மக்கள் ஏறத்தாழ 60 இலட்சம். சதுரக் கிலோமீற்றருக்கு 8,000 பேர் அளவில் வருகின்றது. சிங்கப்பூர்க் கணக்கிலே விமான நிலையமும் காடும் நீர்த்தேக்கமும் அடங்கும் என்பதை மறக்கலாகாது. அங்ஙனமாயினும், ஆகாயத்தை முட்டும் மாடிகளுக்குப் பேர்போன சிங்கப்பூரின் கணக்கைக் காட்டிலும், பெரும்பகுதியும் தாழ்ந்த கூரைகளாற் பரவிய நம் தலைநகரின் கணக்கு உயர்ந்திருப்பது வியப்பன்றோ? பாரிஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய எல்லைக்குள்ளே சதுரக் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 20,000 பேர் வாழ்கின்றனர். அங்குள்ள வீடுகளிற் பெரும்பாலானவை ஆறு அல்லது ஏழு மாடிகளே. இவற்றால் அறியக்கிடப்பது யாதெனில், நெருக்கத்துக்கு வானளாவிய கோபுரம் இன்றியமையாததன்று. நெருக்கமாக இருந்தும் வசதி உண்டாகலாம், தாழ்ந்திருந்தும் நெரிசல் உண்டாகலாம்.

கொழும்பின் எல்லைக்குள் இடமும் விலையும் கட்டுப்படியாகாத நடுத்தரக் குடும்பங்கள் எங்கே சென்றன? காலி வீதி வழியாகவும், ஹைலெவல் வீதி வழியாகவும், கண்டி வீதி வழியாகவும் வெளியே சென்றன. பத்துப் பேர்ச் காணிக்கு வழியில்லாத இடத்தில் ஆறு பேர்ச் வாங்கினர். வயலை மண்ணிட்டு நிரப்பினர். சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர். சதுப்பு நிலம் பயனற்றது என்பது நம் பழைய எண்ணம். உண்மையில் அது மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகின்ற இயற்கைத் தொட்டி. அத்தொட்டியைத் தூர்த்தால் நீர் எங்கே செல்லும்? 2010ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெய்த பெருமழையில் பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. எஞ்சிய சதுப்பு நிலங்களின் அருமை அதன்பின்னரே பலருக்குப் புலப்பட்டது. 2018ஆம் ஆண்டில் உலகிலே ஈரநில நகரங்கள் என்ற ராம்சார் அங்கீகாரத்தை முதன்முதற் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்றாயிற்று. பெருமைக்குரிய செய்திதான். ஆனால் அப்பெருமை நிலைக்க வேண்டுமாயின், நாளைய குடும்பங்களுக்கு வீடு எங்கே என்ற கேள்விக்கு விடை வேண்டும். மாடியிலே இடம் கொடாவிட்டால் அவர்கள் சதுப்பிலேதான் இடம் தேடுவர்.

இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்க விரும்புகின்றேன். கணக்கென்றதும் வானொலியை நிறுத்திவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்கே இது. 160 குடும்பங்கள் இருக்கின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர்ச், அதாவது யாழ்ப்பாணத்தார் கூறும் ஒரு பரப்புக் காணி கொடுத்தால், தெருவை நீக்கி, 10 ஏக்கர் வேண்டும். ஒவ்வொரு காணிக்கும் 40 அடி முகப்பு என்றும், வீதியின் இருபுறமும் வீடுகள் என்றும் கொண்டால், வீதியின் நீளம் 3,200 அடி. நீர்க்குழாய் 3,200 அடி, கழிவுநீர்க் குழாய் 3,200 அடி, மின்கம்பி 3,200 அடி. அதே குடும்பங்களை, ஒரு காணிக்கு நான்கு வீடு வீதம் நான்கு மாடிகளில் வைத்தால், காணி இரண்டரை ஏக்கர்; வீதி 800 அடி. இன்னும் ஓர் இரண்டரை ஏக்கரை மரத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் தாராளமாக ஒதுக்கினாலும், 5 ஏக்கர் வயல் வயலாகவே மிஞ்சுகின்றது. 3,200 அடிக் குழாயைப் பேணும் செலவையும் 800 அடிக் குழாயைப் பேணும் செலவையும் சுமப்பவை அதே 160 குடும்பங்கள்தாம் என்பதை எண்ணிப் பாருங்கள். பரந்த ஊர்களிலே குழாய் வராமைக்கும், வந்த குழாய் பழுதானாற் திருத்த ஆளில்லாமைக்கும் காரணம் பெரும்பாலும் இக்கணக்கிலேயே அடங்கிக் கிடக்கின்றது.

பஸ் வண்டிக்கும் இதே நியாயம். ஒருவர் ஐந்து நிமிடம் நடந்து தரிப்பிடத்தை அடையக்கூடிய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 125 ஏக்கர். ஏக்கருக்கு ஐந்து வீடாயின் அவ்வட்டத்தில் 625 குடும்பங்கள். ஏக்கருக்கு 40 வீடாயின் 5,000 குடும்பங்கள். முன்னதை நம்பி அரைமணிக்கு ஒரு பஸ் ஓடுவதே அரிது. பின்னதை நம்பி ஐந்து நிமிடத்துக்கு ஒன்று ஓடலாம். பஸ் அடிக்கடி வந்தால் மக்கள் அதனை நம்புவர்; வராவிட்டால் கடன்பட்டாயினும் மோட்டார்ச் சைக்கிளும் முச்சக்கரவண்டியும் வாங்குவர். வீதி நிரம்பும், பஸ் இன்னும் தாமதிக்கும். பீற்றர் நியூமன், ஜெப்றி கென்வேர்தி என்ற அவுஸ்திரேலிய அறிஞர் இருவர் உலகின் 32 நகரங்களை ஆராய்ந்து 1989இல் ஒரு நூல் வெளியிட்டனர். மக்கள் நெருங்கி வாழும் நகரங்களில் ஆளுக்குச் செலவாகும் பெற்றோல் குறைவு என்றும், ஐக்கிய அமெரிக்காவின் பரந்த நகரங்களில் அது பன்மடங்கு மிகுதி என்றும் அவர்கள் காட்டினர். எரிபொருளின் விலை, மக்களின் வருமானம் முதலிய வேறு காரணங்களும் உண்டு என்று பின்வந்தோர் வாதிட்டனர், அதுவும் நியாயமே. ஆயினும் வீட்டுக்கும் வேலைக்கும் இடையிலுள்ள தூரம் எரிபொருளாக எரிகின்றது என்ற உண்மையை எவரும் மறுக்கவில்லை.

அவ்வுண்மையை இலங்கையர் ஆகிய நாம் நூலிலிருந்து கற்கவேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டிலே எரிபொருள் இன்றி நாடு தவித்ததை அனுபவித்தோம். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே கொழும்பிலும் அயலிலும் பாடசாலைகளை மூடவேண்டிய நிலை வந்தது. ஓர் அதிபர் என்ற முறையில் அந்நாட்களில் நான் கண்டது இதுதான்: பாடசாலைக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருந்த பிள்ளைகள் எக்காலத்திலும் வந்தனர், வான் வண்டியை நம்பி இருபது கிலோமீற்றருக்கு அப்பால் வாழ்ந்த பிள்ளைகளின் கல்வியே முதலில் அறுந்தது. எரிபொருள் தட்டுப்பாடு இல்லாத சாதாரண காலத்திலும் அப்பிள்ளைகள் விடியுமுன் எழுந்து, அரைத்தூக்கத்தில் வண்டியேறி, முதற் பாடத்திலே கண்ணயர்வதை எந்த ஆசிரியரும் அறிவர். பரந்த நகரத்தின் விலையைக் காணி வாங்கும் தந்தை மட்டும் செலுத்துவதில்லை. மகளும் தன் தூக்கத்தினாற் செலுத்துகின்றாள்.

இனி, வடக்கே செல்வோம். கொழும்பைப் பற்றிய பேச்சு நமக்கெதற்கு, நாம் வேலியும் கிணறும் உள்ள வளவிலே வாழ்பவர்கள் என்று யாழ்ப்பாணத்து நேயர் எண்ணக்கூடும். வளவுக்கு நான்கு பக்கமும் வேலி, கொல்லையில் ஒரு கிணறு, கிணற்றுக்கு எட்டத்தில் மலசலகூடம் என்ற முறை, நாலு பரப்பும் ஐந்து பரப்பும் ஒரு குடும்பத்துக்கு இருந்த காலத்திற் பழுதின்றி நடந்தது. சீதனமாகவும் பங்காகவும் காணி பிளவுபட்டு இரண்டு பரப்பானதும், ஒரு பரப்பானதும் என்ன நடந்தது? யாழ்ப்பாணத்தின் நிலம் சுண்ணக்கல். அதிலே வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மேலே விட்டது விரைவிற் கீழே சென்று நிலத்தடி நீரைச் சேரும். உங்கள் குழியிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு உள்ள தூரம் குறையக் குறைய, கிணற்று நீரிலே மலக்கிருமியும் நைத்திரேற்று உப்பும் மிகும். தோட்டங்களுக்கு இடும் பசளையும் அதனோடு சேர்கின்றது. நைத்திரேற்று மிகுந்த நீர் கைக்குழந்தைகளுக்குக் கேடு செய்யும். ஆகவே யாழ்ப்பாணத்தின் நிலை இரண்டுங்கெட்டது: தனிக்கிணறும் தனிக்குழியும் தாங்கமாட்டாத அளவுக்கு வீடுகள் நெருங்கிவிட்டன, பொதுக் கழிவுநீர்க் குழாய் இட்டு நடத்தக்கூடிய அளவுக்கோ நெருங்கவில்லை. பட்டினத்தின் நடுப்பகுதியிலாவது மூன்று நான்கு மாடி வீடுகளையும் பொதுக் குழாயையும் ஒருங்கே அமைத்து, எஞ்சிய செம்மண் தோட்டங்களைத் துண்டாடாமல் விடுவது பற்றி அங்குள்ள அறிஞர்கள் சிந்திக்க வேண்டும்.

நெருங்கி வாழ்ந்து வெற்றி கண்டவர்கள் உண்டா என்று கேட்கலாம். தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாய் விளங்கும் சிங்கப்பூரை முன்னரே குறிப்பிட்டேன். 1960ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அங்கே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான் என்பவர். அடுத்த ஆண்டு மே மாதம் 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் எழுந்த தீயினால் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அவர்களுக்கு அதே பகுதியிலேயே மாடி வீடுகள் கட்டும் பணி உடனே தொடங்கியது. முதல் ஐந்தாண்டில் ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இன்று அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாகிய பத்துப்பேரில் ஏறத்தாழ எட்டுப்பேர் அக்கழகத்தின் வீடுகளிலே வாழ்கின்றனர்.

வீடு மட்டும் கட்டியிருந்தால் இவ்வெற்றி வந்திராது. வீட்டோடு பாடசாலையும் சந்தையும் உணவங்காடியும் வைத்தியசாலையும் நடைதூரத்தில் அமைந்தன. மாடிகளின் கீழ்த்தளத்தைத் திறந்த வெளியாக விட்டனர். அங்கே மலாய்க்காரர் திருமணம் நடக்கும், சீனர் இறுதிச்சடங்கு நடக்கும், முதியோர் சதுரங்கம் ஆடுவர். 1975ஆம் ஆண்டிலேயே நகரின் நடுவே நுழையும் மோட்டார் வண்டிக்குக் கட்டணம் விதித்தனர்; 1987இல் பெருவிரைவு ரயிலை ஓடவிட்டனர்; 1990இல் புதிய மோட்டார் வண்டிகளின் தொகைக்கே வரம்பு கட்டினர். வீடுகளெல்லாம் கழிவுநீர்க் குழாயோடு பிணைந்திருந்தமையால், அந்நீரைச் சேர்த்துத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும் முறையை 2003இல் பெரிய அளவில் தொடங்க முடிந்தது. சிதறிய குழிகளிலே கிடக்கும் நீரை எவரால் திரட்ட முடியும்? ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். அவ்வரசு நிலத்தைப் பெருமளவிற் கையகப்படுத்தியது. பழைய கிராமங்களில் கோழியும் பன்றியும் வளர்த்துத் தோட்டம் செய்தவர்கள் தம் பிழைப்பையும் அயலையும் இழந்தனர். அந்நாட்டின் முறையை அப்படியே எடுத்து நடுவது நமக்கு இயலாது. எதை முதலிற் செய்தார்கள், எதை அதனோடு சேர்த்துச் செய்தார்கள் என்ற ஒழுங்கைக் கற்கலாம்.

அவ்வொழுங்கு தவறிய இடங்களில் மாடி வீடுகள் அவமானச் சின்னங்களாயின. ஐக்கிய அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரத்திலே புறூயிற் ஐகோ என்ற பெயரால் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் எழுப்பப்பட்டன. 1954இல் மக்கள் குடிபுகுந்தனர். மின்தூக்கிகள் எல்லா மாடியிலும் நில்லாதபடி செலவைச் சுருக்கினர். பழுதுபார்க்கும் செலவை ஏழைக் குடியிருப்பாளரின் வாடகையிலிருந்தே எடுக்க எண்ணினர். நகரின் தொழிலும் மக்களும் வெளியே செல்ல, வாடகை குறைந்தது. வாடகை குறைய, பழுதுபார்ப்பு நின்றது. 1972ஆம் ஆண்டு அவற்றை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினர். ஹொங்கொங்கிலே கவுலூன் மதில் நகரம் என்ற இடத்தில், மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த நிலத்தில் ஏறத்தாழ 33,000 பேர் வாழ்ந்தனர். கீழ்த் தெருக்களுக்குச் சூரியனே எட்டவில்லை. 1990களின் முற்பகுதியில் அதனையும் இடித்துப் பூங்காவாக்கினர்.

கொழும்பிலும் இதற்கான எச்சரிக்கைகள் உண்டு. தோட்டம் என்று நாம் அழைக்கும் நெரிசற் பகுதிகளிலிருந்து மக்களை மாடிகளுக்கு மாற்றும் திட்டம் 2010ஆம் ஆண்டின் பின் விரைவாக நடந்தது. தனிக் குழாயும் தனி மலசலகூடமும் கிடைத்தமை பெரும் நன்மை. அதை மறுப்பது அநீதி. ஆயினும் நானூறு, ஐந்நூறு சதுர அடி வீட்டிலே பெரிய குடும்பங்கள் அடைபட்டன. விடியற்காலையில் இடியப்பமும் ஆப்பமும் சுட்டு வாசலில் விற்றுப் பிழைத்த பெண்ணுக்குப் பன்னிரண்டாம் மாடியில் வாசலேது? மரணம் நேர்ந்தால் பிரேதத்தைக் கீழே கொண்டுவருவதும் இடர். 2022இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது மின்தூக்கியும் நின்றது, நீர்ப்பம்பியும் நின்றது. உயர்ந்த மாடி என்பது தடையற்ற மின்சாரத்தோடும் ஒழுங்கான பராமரிப்போடும் செய்துகொண்ட உடன்படிக்கை. அவ்வுடன்படிக்கையை நாள்தோறும் காப்பாற்ற வழியில்லாத இடத்தில், படியேறிச் செல்லக்கூடிய நான்கு மாடியே மேல்.

வசதி படைத்தோர் வாழும் இடங்களும் இதற்கு விலக்கல்ல. வெள்ளவத்தையை நோக்குங்கள். போரினால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல வந்து சேர, 1990களிலிருந்து அங்கே தொடர்மாடிகள் நெருங்கி எழுந்தன. கோயில், சந்தை, பாடசாலை, புகையிரத நிலையம், கடற்கரை யாவும் நடைதூரத்தில் உள்ள அயல் அது. நகர வாழ்வின் நன்மை யாது என்று கேட்பவருக்கு அங்கே வாழும் முதிய தாய்மார் நல்ல சாட்சி கூறுவர். ஆனால் ஒரு வீடு நின்ற இடத்தில் இருபது வீடு எழுந்தபோது, ஒடுங்கிய ஒழுங்கைகள் ஒடுங்கியே கிடந்தன. கொழும்பின் கழிவுநீர் வாய்க்கால்களோ நூறாண்டுக்கு முன் வகுக்கப்பட்ட அமைப்பைச் சேர்ந்தவை. மாடி வளர்ந்தது, குழாய் வளரவில்லை. குப்பையும் அவ்வாறே. 2017ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு நாளிலே மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின் வீடுகளெல்லாம் வெளியேற்றிய குப்பையின் கீழே, அக்குப்பையை அதிகம் வெளியேற்றாத ஏழைகள் புதைந்தனர்.

ஆகவே நெருங்கிய நகரம் நன்மை பயக்கவேண்டுமாயின் சில நிபந்தனைகள் உண்டு. முதலாவது, குழாயும் வாய்க்காலும் சுவருக்கு முன்னே வரவேண்டும். இரண்டாவது, மாடிகள் புகையிரத நிலையத்தையும் பஸ் தரிப்பிடத்தையும் சூழ எழவேண்டும். 1865இலேயே புகையிரதம் கண்ட நாடு நாம். கரையோரப் பாதையின் நிலையங்கள் பலவற்றைச் சுற்றி இன்னும் தாழ்ந்த கூரைகளே உள்ளன. கோட்டையிலிருந்து மாலபே வரை அமைக்க எண்ணிய இலகு ரயில் திட்டமும் 2020இல் கைவிடப்பட்டது. மூன்றாவது, நிழலும் காற்றும் வேண்டும். நம்முடையது வெப்ப நாடு. கட்டடங்களைக் கடற்காற்றுக்கு மதிலாக நிறுத்தி, உள்ளே குளிரூட்டும் பொறி வைத்தால், நிலத்தில் மிச்சம் பிடித்ததை மின்சாரத்தில் இழந்துவிடுவோம். நான்காவது, ஏழைகளை நகரின் ஓரத்துக்குத் தள்ளாமல், அவர்கள் உழைக்கும் இடத்துக்கு அருகிலேயே வீடு கொடுக்க வேண்டும். ஐந்தாவது, பராமரிப்புக்குப் பணமும் பொறுப்பும் முதல் நாளிலேயே வகுக்கப்பட வேண்டும்.

இவை ஆட்சியாளர் கவனிக்க வேண்டியவை. நாம் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. வேலி நமக்கு மண்ணின் எல்லையை மட்டும் காட்டவில்லை. என் வேலிக்கு இப்பால் உள்ளது என் பொறுப்பு, அப்பால் உள்ளது எவர் பொறுப்போ என்ற மனப்பான்மையையும் வளர்த்தது. தொடர்மாடியில் அம்மனப்பான்மை செல்லாது. அங்கே படிக்கட்டு எல்லோருக்கும் உரியது. கூரைமேல் உள்ள தண்ணீர்த் தொட்டி எல்லோருக்கும் உரியது. மேல்வீட்டான் சிந்திய நீர் கீழ்வீட்டான் கூரையிலே கசியும். தனது கதவுக்கு வெளியேயுள்ள இடத்தையும் தனதெனக் கருதிக் கூட்டித் துப்புரவாக்குபவனே மாடியில் வாழத் தகுதியுடையவன். இப்பழக்கத்தை வீட்டிலும் பாடசாலையிலும் கற்பிக்கலாம். வகுப்பறையும் நெருங்கி வாழும் ஓரிடமே அன்றோ? நாற்பது பிள்ளைகள் ஓரறையில் ஒருவரை ஒருவர் இடியாமல், ஒருவர் புத்தகத்தை மற்றவர் கிழியாமல், ஒரே தண்ணீர்க் குழாயில் முறைவைத்துக் குடிக்கக் கற்கின்றார்கள். அவர்கள் வளர்ந்து வாழப்போகும் நகரத்துக்கு வேண்டிய கல்வி அதுவே.

நிலம் வளர்வதில்லை, மக்கள் வளர்கின்றார்கள். எஞ்சியுள்ள வயலையும் சதுப்பையும் செம்மண்ணையும் நம் பேரப்பிள்ளைகள் காணவேண்டுமாயின், நாம் சிறிது தள்ளியமர்ந்து அயலவனுக்கு இடங்கொடுக்க வேண்டும். பஸ் வண்டியிலே முதியவர் ஏறினால் நெருங்கியமர்ந்து இடங்கொடுப்பதை நாம் மரியாதை என்கின்றோம். நகரத்திலும் அம்மரியாதை நமக்கு வேண்டும்.